கத்தோலிக்கக் குடும்பத்திற்கு ஒரு நிரந்தர நாட்காட்டி: வீட்டிலேயே செய்யும் முறை

டிசம்பர் முடிந்ததும் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிப் பழைய பேப்பர்காரரிடம் போடும்போது, அதில் பேனாவால் வட்டமிட்டு வைத்த குறிப்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. தாத்தாவின் நினைவு நாள், மூத்தவளின் புதுநன்மை நாள், சித்தப்பாவின் திருமண நாள், பூசைக் கருத்து (யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு) எழுதிக் கொடுக்க வேண்டிய தேதி ஆகிய எல்லாவற்றையும் புதிய காலண்டரில் வீட்டில் யாராவது ஒருவர் நினைவிலிருந்து மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. அவருக்கு மறந்தது குடும்பத்திற்கே மறந்ததாகிவிடுகிறது. ஆண்டும் கிழமையும் இல்லாமல் தேதியை மட்டும் கொண்ட நிரந்தர நாட்காட்டி ஒன்றை ஒருமுறை செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். விடுமுறையில் நான்கைந்து மாலைப்பொழுதுகள் ஒதுக்கினால் போதும்.

ஆனால் கத்தோலிக்கக் குடும்பத்தின் ஆண்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. சில திருநாள்கள் தேதியோடு ஒட்டியவை. கிறிஸ்து பிறப்பு என்றும் டிசம்பர் 25தான். வேறு சில, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) நகரும்போதெல்லாம் கூடவே நகர்பவை. நான் 2021இல் முதன்முதலாக ஒரு தடித்த நோட்டில் இந்த வேலையைத் தொடங்கியபோது, இரண்டையும் ஒரே தாளில் எழுதினேன். ஏப்ரல் 2 என்ற பக்கத்தில் பெரிய வெள்ளி என்று அழகாக எழுதி, சிலுவையும் வரைந்து வைத்தேன். மறு ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 15ஆம் தேதி வந்தது. அடித்து எழுதி, மீண்டும் அடித்து எழுதி, அந்த நோட்டு இரண்டே ஆண்டுகளில் பார்க்கச் சகிக்காமல் போயிற்று. நகராதவற்றுக்கு வெள்ளை அட்டை, நகர்பவற்றுக்கு வண்ண அட்டை, இரண்டும் ஒரே பெட்டியில் என்பதுதான் அதன்பின் நான் கண்டடைந்த வழி. இனி வருவது அதன் செய்முறை.

வாங்க வேண்டியவை

180 ஜிஎஸ்எம் தடிமனுள்ள ஏ4 அளவு வெள்ளைத் தாள் 92 வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 368 அட்டைகள் கிடைக்கும். நமக்குத் தேவை பிப்ரவரி 29ஐயும் சேர்த்து 366. கத்தரிக்கோலால் வெட்ட முயலாதீர்கள். பைண்டிங் கடையில் மொத்தக் கட்டையும் இயந்திரத்தில் வைத்து ஒரே அழுத்தில் வெட்டித் தருவார்கள். ஓரங்கள் சமமாக இருந்தால்தான் பின்னாளில் விரலால் தள்ளிப் பார்க்க வசதியாக இருக்கும். அதே தடிமனில் வண்ணத் தாள் ஆறு வாங்கினால் 24 வண்ண அட்டைகள் ஆகும். மாதத்திற்கொன்றாகப் பன்னிரண்டு தடுப்புகளை, அட்டையைவிட ஒரு விரல் உயரம் கூடுதலாக வைத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். பெட்டிக்குச் செருப்புப் பெட்டியே போதும். மை பரவாத கறுப்புப் பேனா ஒன்றும், தையற்காரர் பயன்படுத்தும் 150 சென்டிமீட்டர் டேப் ஒன்றும் வேண்டும். டேப் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளை அட்டைகள்

ஒவ்வொரு வெள்ளை அட்டையின் மேல் இடது மூலையில் மாதத்தையும் தேதியையும் எழுதுங்கள். கிழமையை ஒருபோதும் எழுதாதீர்கள். அட்டையின் மேற்பகுதியைத் திருச்சபைக்கும் கீழ்ப்பகுதியைக் குடும்பத்திற்கும் ஒதுக்கி, நடுவில் ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மேற்பகுதியில் முதலில் எழுத வேண்டியவை தேதி மாறாத பெருவிழாக்கள்: ஜனவரி 1 மரியா இறைவனின் தாய், மார்ச் 19 சூசையப்பர், மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள், ஜூன் 24 திருமுழுக்கு யோவானின் பிறப்பு, ஜூன் 29 பேதுரு பவுல், ஆகஸ்ட் 15 மரியாவின் விண்ணேற்பு, நவம்பர் 1 அனைத்துப் புனிதர், டிசம்பர் 8 அமல உற்பவம், டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு. அடுத்து நம் மண்ணுக்குரியவை. ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய அருளானந்தருக்குப் பிப்ரவரி 4, ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் 1752இல் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்திற்கு ஜனவரி 14, தோமையாருக்கு ஜூலை 3, தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5, வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவுக்குச் செப்டம்பர் 8, கோட்டாற்றுச் சவேரியாருக்கு டிசம்பர் 3. வேளாங்கண்ணிக்குப் போகும் வழக்கமுள்ள குடும்பம் என்றால், கொடியேறும் ஆகஸ்ட் 29 அட்டையிலும் ஒரு வரி எழுதுவது நல்லது. ரயில் டிக்கெட் எடுக்க வேண்டிய நாளையும் அதற்கு இரண்டு மாதம் முந்திய அட்டையில் எழுதி வைக்கும் வீடுகள் உண்டு; அதிலும் தவறில்லை.

ஆண்டின் எல்லாப் புனிதர்களையும் எங்கிருந்தாவது எடுத்து 366 அட்டைகளையும் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும். அந்த வேலை பிப்ரவரியைத் தாண்டாது என்பது நான் பலமுறை பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட அட்டைகள் வெறுமையாக இருக்கட்டும்; அவை இனி நடக்கப்போகிறவற்றுக்கான இடம்.

பழைய குடும்பக் குறிப்புகளிலிருந்து எடுத்தெழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சபையின் பொது நாட்காட்டி 1969இல் திருத்தப்பட்டபோது பல புனிதர்களின் நாள்கள் மாறின. என் மாமியாரின் செப நூலின் கடைசித் தாளில், தோமையார் திருநாள் டிசம்பர் 21 என்றும், குழந்தை தெரேசாவின் திருநாள் அக்டோபர் 3 என்றும் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அதுவே சரி. இன்று முன்னது ஜூலை 3, பின்னது அக்டோபர் 1. மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளும் ஜூலை 2இலிருந்து மே 31க்கு வந்துவிட்டது.

பெயர் கொண்ட புனிதர்கள்

கீழ்ப்பகுதியில் முதலில் வீட்டிலுள்ளோரின் பெயர் விழாக்களை எழுதுங்கள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டும் பழக்கம் வந்தபின் இது பல வீடுகளில் மறைந்துவிட்டது. நம் பெயர்கள் வடமொழிச் சாயலிலும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஒளிந்திருப்பதால், தன் பெயருக்கு ஒரு புனிதர் உண்டு என்பதே சில பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இராயப்பன் என்பவர் பேதுரு, சின்னப்பன் என்பவர் பவுல். இருவருக்கும் ஜூன் 29. அருளப்பன் யோவான், டிசம்பர் 27. முடியப்பன் ஸ்தேவான், டிசம்பர் 26. சந்தியாகு யாக்கோபு, ஜூலை 25. பெலவேந்திரன் அந்திரேயா, நவம்பர் 30. ஞானப்பிரகாசம் என்பது அலோசியஸ் கொன்சாகாவின் தமிழ்ப் பெயர், ஜூன் 21. சவரிமுத்து சவேரியாரின் நாளுக்கும், சூசையும் சூசைமரியாளும் மார்ச் 19க்கும், அமலோற்பவம் டிசம்பர் 8க்கும், வியாகுலம் செப்டம்பர் 15க்கும், லூர்து பிப்ரவரி 11க்கும், சகாயம் என்ற பெயரைச் சகாய மாதாவிடமிருந்து பெற்றவர்கள் ஜூன் 27க்கும் உரியவர்கள். இருதயராஜ் என்ற பெயருக்கு மட்டும் வெள்ளை அட்டை கிடையாது. திருஇருதயப் பெருவிழா நகரும் திருநாள் என்பதால் அவர் பெயர் வண்ண அட்டைக்குத்தான் போக வேண்டும். எங்கள் பெரியப்பா இருதயராஜ்தான். ஆண்டுதோறும் தன் பெயர் விழா என்றைக்கு என்று கேட்டுக்கொண்டேயிருப்பார்.

குடும்பத்தின் நாள்கள்

பிறப்பு, திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதும்போது வயதையோ எத்தனையாவது ஆண்டு என்பதையோ எழுதாமல், நிகழ்ந்த ஆண்டை மட்டும் எழுதுங்கள். ‘1987, அப்பா அம்மா திருமணம்’ என்ற வரி என்றும் பொய்யாகாது. ‘முப்பத்தெட்டாம் ஆண்டு’ என்பது பன்னிரண்டு மாதத்தில் பொய்யாகிவிடும்.

பிறந்த தேதி தெரிந்த அளவுக்குத் திருமுழுக்குத் தேதி யாருக்கும் தெரிவதில்லை. திருமுழுக்கு பெற்ற பங்கின், அதாவது அந்த ஊர் ஆலயத்தின், அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். உறுதிப்பூசுதலையும் திருமணத்தையும் அதே திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே ஒருமுறை பதிவேட்டைப் புரட்டினால் மூன்று தேதிகளும் ஒரே இடத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. பெற்றோர் திருமணத்திற்குப்பின் ஊர் மாறியிருந்தால் தாயின் சொந்த ஊர்ப் பங்கிலும் விசாரியுங்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டில் திருமுழுக்குக் கொடுப்பது நம் பக்கம் வழக்கம்.

இறந்தோருக்கு ஒரே அட்டையில் எழுதினால் போதாது. நினைவு நாளுக்குரிய அட்டையில் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு, பதினைந்து நாள் முந்திய அட்டையின் கீழ் ஓரத்தில், பூசைக் கருத்து கொடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். அன்று காலையில் பங்கு அலுவலகத்திற்கு ஓடி, அந்த நாளுக்கு ஏற்கெனவே வேறு கருத்துகள் நிறைந்துவிட்டன என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அட்டையின் பின்புறத்தில் குடும்பத்தில் இறந்த அனைவரின் பெயர்களையும் இரண்டு பத்திகளாக எழுதி வையுங்கள். எங்கள் அட்டையில் முதல் பெயர் என் கொள்ளுப்பாட்டியுடையது. அவர் இறந்த தேதி யாருக்கும் தெரியாததால் பெட்டியில் அவருக்கு இருக்கும் ஒரே இடம் அதுதான். மெழுகுதிரியும் பூவும் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும்போது அந்த அட்டையையும் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பெயராகப் படித்துச் செபிப்போம். அதன் ஒரு மூலையில் மெழுகு சொட்டிய தடம் இருக்கிறது.

வண்ண அட்டைகளும் தையற்காரர் டேப்பும்

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கு முன்பும் ஏப்ரல் 25க்குப் பின்பும் வராது. மார்ச் 21ஆம் தேதியிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. அந்த முழுநிலவும் வானத்தைப் பார்த்துச் சொல்வதன்று, திருச்சபையின் கணக்கட்டவணையில் உள்ளது. நாம் கணக்குப் போடத் தேவையில்லை. பின்வரும் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்: 2026 ஏப்ரல் 5, 2027 மார்ச் 28, 2028 ஏப்ரல் 16, 2029 ஏப்ரல் 1, 2030 ஏப்ரல் 21, 2031 ஏப்ரல் 13, 2032 மார்ச் 28, 2033 ஏப்ரல் 17, 2034 ஏப்ரல் 9, 2035 மார்ச் 25.

இப்போது வண்ண அட்டைகளில் தேதி எழுதாமல், திருநாளின் பெயரையும் உயிர்ப்பு ஞாயிற்றிலிருந்து அது எத்தனை நாள் தள்ளியுள்ளது என்பதையும் எழுதுங்கள். சாம்பல் புதன் 46 நாள் முன்பு. குருத்து ஞாயிறு 7 நாள், பெரிய வியாழன் 3 நாள், பெரிய வெள்ளி 2 நாள், புனித சனி ஒரு நாள் முன்பு. இறை இரக்க ஞாயிறு 7 நாள் பின்பு. ஆண்டவரின் விண்ணேற்றம் 39 நாள் பின்பு, ஞாயிற்றுக்கு மாற்றிக் கொண்டாடும் இடங்களில் 42. தூய ஆவியார் பெருவிழா 49, மூவொரு கடவுள் பெருவிழா 56. கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா வியாழனில் என்றால் 60, ஞாயிற்றில் என்றால் 63. திருஇருதயப் பெருவிழா 68, மறுநாள் மரியாவின் மாசற்ற இதயம் 69.

விரல் விட்டு 68 நாள் எண்ணினால் ஒரு நாளாவது பிசகும். அதற்குத்தான் டேப். சாம்பல் புதன் மிக முன்கூட்டி வரக்கூடிய நாள் பிப்ரவரி 4. மாசற்ற இதயத் திருநாள் மிகப் பிந்தி வரக்கூடிய நாள் ஜூலை 3. சாதாரண ஆண்டில் இவ்விரு தேதிகளையும் சேர்த்து எண்ணினால் சரியாக 150 நாள். தையற்காரர் டேப்பும் 150 சென்டிமீட்டர்! எனவே 1 என்ற எண்ணைப் பிப்ரவரி 4 என்று கொள்ளுங்கள். 26இல் மார்ச் 1, 57இல் ஏப்ரல் 1, 87இல் மே 1, 118இல் ஜூன் 1, 148இல் ஜூலை 1 என்று டேப்பின்மேல் பேனாவால் குறித்துவிட்டால் கருவி தயார்.

2026ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 5 டேப்பில் 61இல் விழுகிறது. அதிலிருந்து 46ஐக் கழித்தால் 15. அந்த இடம் பிப்ரவரி 18, சாம்பல் புதன். 61உடன் 49ஐக் கூட்டினால் 110, அது மே 24, தூய ஆவியார் பெருவிழா. 68ஐக் கூட்டினால் 129, ஜூன் 12, திருஇருதயம். மறுநாள் மாசற்ற இதயமும் அந்தோனியார் திருநாளும் ஒன்றாக வருவதை, வண்ண அட்டையைச் செருகும்போதே பார்த்துவிடலாம்.

லீப் ஆண்டில் பிப்ரவரிக்குள் விழும் தேதியோடு மட்டும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024இல் இதை மறந்து சாம்பல் புதன் அட்டையைப் பிப்ரவரி 13இல் செருகி வைத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை என்று பிள்ளைகள்தான் கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு அட்டைகளிலும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) என்று சேர்த்து எழுதுங்கள். பொதுச்சட்டப்படி சுத்தபோசனம் பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி பதினெட்டு நிறைந்ததிலிருந்து ஐம்பத்தொன்பது நிறையும்வரை. வீட்டில் யார் யாருக்கு எது என்பதைப் பென்சிலால் எழுதினால் ஆண்டுதோறும் திருத்தலாம்.

உயிர்ப்போடு தொடர்பில்லாமல் கிழமையைப் பார்த்து நகரும் சிலவும் உண்டு. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர். திருக்குடும்ப விழா கிறிஸ்து பிறப்புக்கு அடுத்த ஞாயிறு. டிசம்பர் 25ஏ ஞாயிறாக இருந்தால் டிசம்பர் 30. தாத்தா பாட்டியருக்கான உலக நாள் 2021 முதல் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. திருக்காட்சிப் பெருவிழாவையும் ஆண்டவரின் திருமுழுக்கையும் பங்கில் அறிவிப்பதைக் கேட்டுச் செருகுங்கள். முதல் வெள்ளிக்கு ஒரே ஓர் அட்டை போதும். அது மாதந்தோறும் முன்னேறிக்கொண்டே போகும். உங்கள் பங்கின் திருவிழா ‘மே மாதக் கடைசி ஞாயிறு’ என்பது போன்ற விதிப்படி வருமானால், கொடியேற்றத்திற்கு ஒன்றும் தேர்ப்பவனிக்கு ஒன்றும் அசனத்திற்கு (ஊர் கூடி உண்ணும் விருந்துக்கு) ஒன்றுமாக வண்ண அட்டை வையுங்கள். வெளியூரிலிருக்கும் உறவினருக்கு எப்போது சொல்லி அனுப்ப வேண்டும் என்பதையும் கொடியேற்ற அட்டையின் பின்புறம் குறித்துக்கொள்ளலாம்.

அரிதாகச் சில வெள்ளை அட்டைகளும் இடம் மாறும். 2027இல் மார்ச் 25 பெரிய வியாழனாக வருவதால் மங்கள வார்த்தைத் திருநாள் ஏப்ரல் 5ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது. 2028இல் மார்ச் 19 தவக்கால ஞாயிறு என்பதால் சூசையப்பர் திருநாள் மறுநாளுக்குப் போகிறது. இத்தகைய ஆண்டுகளில் அட்டையை இடம் மாற்றாமல், ஒரு பேப்பர் கிளிப்பில் சிறு துண்டுத் தாளை மாட்டிவிடுவது எளிது. குடும்பத்தில் யாரேனும் சீரோ மலபார் திருச்சபையை (கேரளத்தின் கீழை வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கத் திருச்சபை) சேர்ந்தவர்கள் என்றால், அவர்களுடைய தவக்காலம் சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முந்திய திங்களன்றே தொடங்குவதை மறக்காதீர்கள்.

பயன்படுத்துவது எப்படி

இன்றைய அட்டை எப்போதும் பெட்டியின் முன்னால் நிற்க வேண்டும். இரவு குடும்பச் செபம் முடிந்ததும் அதைக் கடைசிக்கு அனுப்பிவிட்டு நாளைய அட்டையைப் படிப்பது எங்கள் வழக்கம். அந்த வேலையைச் சின்னவன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மாதத் தடுப்புகளில் அந்தந்த வணக்க மாதத்தை எழுதலாம்: மார்ச் சூசையப்பருக்கு, மே மாதாவுக்கு, ஜூன் திருஇருதயத்திற்கு, அக்டோபர் செபமாலைக்கு, நவம்பர் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு. பெட்டியின்மேல் அந்தந்தத் திருவழிபாட்டுக் காலத்திற்குரிய நிறத்தில் ஒரு நாடாவைக் கட்டலாம்.

திருவருகைக்கால முதல் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை மாலையில் வண்ண அட்டைகள் அனைத்தையும் உருவி எடுத்து, டேப்பை மேசைமேல் விரித்து, புதிய ஆண்டுக்குச் செருகுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஞாயிறு வாசகங்களின் சுழற்சியையும் அப்போதே மூடியில் குறித்துவிடலாம். ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் மூன்றாம் ஆண்டு, ஒன்று மீதி வந்தால் முதல் ஆண்டு, இரண்டு வந்தால் இரண்டாம் ஆண்டு. திருவருகைக்காலத்தில் தொடங்கும் ஆண்டுக்கு அடுத்த ஜனவரியின் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மிஞ்சிய இரண்டு வெள்ளை அட்டைகளைத் தூக்கி எறியாமல் பெட்டியின் கடைசியில் போட்டு வையுங்கள். எங்களுடையவற்றில் ஒன்று போன ஆண்டு தீர்ந்தது. முந்திரிக்கொத்து பொரித்த கையோடு டிசம்பர் 24ஐ எடுத்ததில் எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் மங்கிவிட, அதைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இன்னொன்று இன்னும் அப்படியே இருக்கிறது.